நாய் வீட்டுச் சாமான்களை விழுங்கினால் செய்ய வேண்டியவை

பண்ணையில் நாய் செய்யும் ஊழியம் சிறியதன்று. களத்தில் குவித்த நெல்லையும், கிணற்றடியிலுள்ள மோட்டாரையும், பட்டியிலுள்ள ஆடுகளையும் இரவெல்லாம் காப்பது அதுவே. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு ஜாதி நாய்கள் நல்ல விலையும் பெறுகின்றன. ஆயினும் மாட்டுக்கு நோய் கண்டால் உடனே மிருக வைத்தியரைத் தேடும் குடியானவர், நாய்க்கு ஏதேனும் நேர்ந்தால் தாமே கைவைத்தியம் செய்து பார்ப்பதும், பலிக்காவிட்டால் அதன் விதியென்று விட்டுவிடுவதும் வழக்கமாயிருக்கிறது.

நாய் விழுங்கக் கூடாத பொருளை விழுங்கிவிட்டால் இவ்வழக்கம் பெருந்தீங்காக முடியும். விழுங்கிய பொருளால் வரும் கெடுதி ஒரு பங்கு. அதை வெளிப்படுத்தும் அவசரத்தில் உப்பு நீர் புகட்டுவதாலும், நூலைப் பிடித்து இழுப்பதாலும், வாய்க்குள் கையை விடுவதாலும் வரும் கெடுதி மற்றொரு பங்கு. பின்னது முழுவதும் தவிர்க்கக் கூடியது. விழுங்கிய பொருள் இன்னதென்றும், விழுங்கிய நேரம் இன்னதென்றும் அறிந்த பின்னரே எதையும் செய்தல் வேண்டும். சிகிச்சை முழுவதும் இவ்விரண்டையும் பொறுத்தே மாறுபடும்.

விழுங்கிய பொருள் செல்லும் வழி

நாயின் பற்கள் கிழிப்பதற்கும் நொறுக்குவதற்கும் ஏற்றவை. மாட்டின் பற்களைப்போல் அரைப்பதற்கு ஏற்றவையல்ல. ஆகவே நாய் இரையை மெல்லாமல் துண்டு துண்டாக விழுங்கும். வேறொரு நாய் அருகில் வந்தாலும், வாயிலுள்ளதைப் பிடுங்க எஜமானர் ஓடி வந்தாலும், இன்னும் விரைவாக விழுங்கிவிடும்.

அதன் தொண்டையும் உணவுக்குழாயும் நன்கு விரிந்து கொடுக்கும். எனினும் உணவுக்குழாயில் மூன்று இடங்கள் நெருக்கமானவை. கழுத்து முடிந்து மார்புக்குள் நுழையுமிடம் ஒன்று. இருதயத்தின் மேல்பக்கம் ஒன்று. இரைப்பையை அடையுமுன் உதரவிதானத்தை ஒட்டிய இடம் ஒன்று. எலும்புத் துண்டுகள் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே சிக்கிக் கொள்கின்றன. இவற்றைத் தாண்டிய பொருள் இரைப்பையில் விழும். இரைப்பை விசாலமானது; அதன் கடைவாயிலும் அதற்கப்பாலுள்ள சிறுகுடலும் குறுகியவை. ஆதலால் தொண்டை வழியாய் எளிதில் இறங்கிய பொருள் குடலில் அடைத்துக் கொள்வதுண்டு. சில பொருள்கள் இரைப்பையில் வாரக்கணக்கில் தங்கியிருந்து, பின் ஒரு நாள் நகர்ந்து குடலை அடைப்பதும் உண்டு.

குடல் முற்றும் அடைபட்டால், அடைபட்ட இடத்திற்கு முன்புறம் உப்புகிறது. குடற்சுவருக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. சுவர் அழுகி ஓட்டையாகி, உள்ளிருப்பது வயிற்றறையில் கசிகிறது. அந்நிலைக்கு வந்த நாய் பிழைப்பது அரிது. அதற்கு முன் வைத்தியரிடம் சேர்ந்த நாய்கள் பல பிழைக்கின்றன.

வாய்க்குள் கையை விடுமுன்

நாய் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக நின்றால், எலும்பு சிக்கியிருக்கிறதென்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுத் தேடுவது கிராமங்களில் சாதாரணம். இதில் உயிருக்கே அபாயமுண்டு. வெறிநோய் கண்ட நாயும் இவ்வாறே நிற்கும். அந்நோயின் ஊமை வகையில் நாய் ஒருவரையும் துரத்துவதில்லை; கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்து, தண்ணீரும் விழுங்க மாட்டாமல், குரல் மாறிப் படுத்திருக்கும். பார்ப்பவருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்ததாகவே தோன்றும்.

வெறிநோய் கண்ட நாய் மரக்கட்டை, கல், வைக்கோல், மண், கந்தல் முதலிய உண்ணத்தகாத வஸ்துக்களைக் கடித்து விழுங்குவதும் உண்டு. இதுவரை அவ்வாறு செய்யாத வயது வந்த நாய் திடீரென்று இத்தகைய பொருள்களைத் தின்னத் தொடங்கினாலும், அதனுடன் குணமும் குரலும் நடையும் மாறியிருந்தாலும், முதலில் ஐயுற வேண்டியது இந்நோயையே. தடுப்பூசி போடாத நாயாயின் ஐயம் இன்னும் வலுக்கும்.

எலும்பு மெய்யாகவே சிக்கிய நாய் முன்காலால் வாயைப் பிராண்டும். முகத்தைத் தரையில் தேய்க்கும். பெரும்பாலும் தின்று கொண்டிருக்கையில் திடீரென்று இவ்வாறு தொடங்கும். எஜமானரை அடையாளம் காணும். ஆயினும் இக்குறிகளை மட்டும் நம்பிக் கையை விடலாகாது. தின்றதைக் கண்ணால் கண்டிராவிட்டால், நாயைத் தனியே கட்டியோ அறையில் அடைத்தோ வைத்து, வைத்தியருக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும்.

ஐயத்திற்குரிய நாயின் எச்சில் கீறலிலோ புண்ணிலோ பட்டாலும், பல் பட்டாலும், அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடித்தல் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் முதலியவற்றைப் புண்ணில் அப்பலாகாது. லூயி பாஸ்டர் 1885-ல் இந்நோய்க்குத் தடுப்பு கண்டார். நம் பக்கத்தில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-ல் தோன்றியது. அக்காலம் முதல் தடுப்பு மருந்து மிகவும் திருந்தியிருக்கிறது. வயிற்றில் பல ஊசிகள் போடும் பழைய முறை இப்பொழுது இல்லை. ஆனால் நோய்க்குறிகள் தோன்றிய பின் காப்பாற்றும் மருந்து இன்றும் இல்லையென்றே கொள்ள வேண்டும். எலும்பை எடுக்கும் இரக்கத்தில் மனித உயிர் போகலாகாது.

மூச்சு அடைத்தால்

தடுப்பூசி போட்ட சொந்த நாய், ஒரு பொருளை வாயிலிட்டதைக் கண்ணெதிரே கண்ட பின் மூச்சுத் திணறினால், வைத்தியர் வரும் வரை பொறுத்திருக்க இயலாது. நாய் பலமாக இருமிக் கொண்டிருந்தால் தொடாமல் விடுக; இருமலே பொருளை வெளியே தள்ளும். இருமல் ஓய்ந்து, ஈறு நீலம் பாய்ந்து, கால்கள் தள்ளாடினால் தாமதிக்கலாகாது.

ஒருவர் நாயைப் பிடித்துக் கொள்ள, மற்றொருவர் இரு தாடைகளையும் திறந்து பார்த்தல் வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரிந்து பிடிக்கும்படி இருந்தால் குறடாலேனும் இடுக்கியாலேனும் பற்றி எடுக்கலாம். தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே இறங்கும். சிறிய நாயாயின், பின்பக்கத்தைத் தூக்கித் தலை கீழாகச் சிறிது நேரம் பிடிக்கலாம். பெரிய நாயாயின் அதன் பின்னே நின்று, இரு கைகளாலும் வயிற்றை வளைத்து, விலா எலும்புகள் முடியுமிடத்திற்குச் சற்றுக் கீழே முஷ்டியை வைத்து, மேலும் முன்னுமாக 5 முறை வெடுக்கென்று அழுத்துதல் வேண்டும். பின் மறுபடி வாயைப் பார்க்க வேண்டும். பொருள் வெளிவந்து விட்டாலும், தொண்டையிலும் வயிற்றிலும் காயமில்லை என்பதை வைத்தியரிடம் காட்டித் தெரிந்து கொள்வது நலம்.

வாந்தி எடுக்கச் செய்யலாமா?

விழுங்கிய பொருள் இரைப்பையிலிருக்கும்பொழுதுதான் வாந்தியால் பயனுண்டு. ஏறக்குறைய 2 மணி நேரம் கழிந்தால் அது குடலுக்கு இறங்கத் தொடங்கும். பிறகு வாந்தியால் பயன் குறைவு. இதனால்தான் நேரத்தைக் குறித்து வைப்பது அவசியமாகிறது. அந்நேரத்திற்குள் நாயைக் கொண்டு சென்றால், வாந்தி தகுமானால் வைத்தியர் அதற்குரிய மருந்தைக் கொடுத்து எடுக்கச் செய்வார்.

ஊசி, ஆணி, கண்ணாடி, தூண்டில் முள், கூரான எலும்பு ஆகியவற்றை விழுங்கிய நாய் வாந்தி எடுக்கலாகாது. இறங்கும்பொழுது கிழிக்காதது ஏறும்பொழுது கிழித்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றை வாந்தி எடுத்தால் அவை நுரையீரலில் புகும். காரம், அமிலம், மின்கலம் ஆகியவை உணவுக்குழாயை மறுமுறையும் பொசுக்கும். மயங்கிய நாய்க்கும் வலிப்புக் கண்ட நாய்க்கும் வாந்தி மருந்து கூடவே கூடாது.

கைவைத்தியத்தில் வழங்கும் உப்புக் கரைசல் மிகவும் கொடியது. நாய் வாந்தி எடுக்காவிட்டால் அவ்வுப்பு முழுவதும் இரத்தத்தில் சேர்ந்து, வலிப்பும் மரணமும் விளையும். புளிக் கரைசலும் ஆகாது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்துகள் அடைபட்ட குடலை முறுக்கி வேலை வாங்குவதால், நொய்ந்த இடம் வெடிக்கக் கூடும். மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயால் நாய்க்கு எதைப் புகட்டினாலும், அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்குவது எளிது.

பொருளுக்கேற்ற கவனம்

மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாந்தோப்புகளில் பழக்காலத்திலும், பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் களங்களில் அறுவடையிலும் இவை எங்கும் சிதறிக் கிடக்கும். பழத்தின் இனிப்புக்காகவும், கட்டையில் ஒட்டிய நெய், குழம்பு வாசனைக்காகவும் நாய் விழுங்கும். இரண்டும் நாயின் வயிற்றில் ஜீரணமாவதில்லை. இரண்டும் சிறுகுடலை அடைக்கும் அளவுடையவை. முழுக்கொட்டை விழுங்கப்பட்டது தெரிந்தால், நாய் சுகமாயிருப்பதைக் கண்டு வாளாவிருத்தல் தவறு. இரைப்பையிலிருக்கும்பொழுதே எடுப்பது எளிது.

எலும்பு: வேகவைத்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடையும். சிறு துண்டுகள் பெரும்பாலும் ஜீரணமாகி விடுகின்றன. விழுங்கிய சற்று நேரத்தில் உண்டதெல்லாம் மீண்டும் வாய் வழியே வந்தால், உணவுக்குழாயில் சிக்கியதென்று அறிக. இது அன்றே கவனிக்க வேண்டியது.

ஊசியும் நூலும்: தைக்கும் ஊசியைவிட அதிலுள்ள நூல் கொடியதாகலாம். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் கடைவாயிலோ மாட்டிக் கொள்ள, மறுமுனையைக் குடல் முன்னே இழுத்துச் செல்லும். குடல் நூலின் மேல் சுருக்குப் பையைப்போல் மடிந்து ஏறும். நூல் அம்மடிப்புகளைப் பல இடங்களில் அறுக்கும். நைலான் கயிறு, பட்டு நூல், சேலைக் கிழிசல், சாக்குச் சணல் யாவும் இவ்வகையே. வாயிலேனும் மலவாயிலேனும் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, வெட்டவும் வேண்டாம். அப்படியே வைத்தியரிடம் கொண்டு செல்க.

துணியும் பிளாஸ்டிக்கும்: பால் உறை, இறைச்சி கட்டிய பை, எண்ணெய் துடைத்த துணி ஆகியவற்றை வாசனையால் விழுங்கும். இவை உள்ளே சுருண்டு பந்தாகும். முற்றும் அடைக்காமல் பாதி அடைத்தால், நாய் பல நாள் சரியாய்த் தின்னாமல், இடையிடையே வாந்தி எடுத்து மெலிந்து கொண்டே வரும்.

காசும் உலோகமும்: வழவழப்பான சிறு பொருள் பல வேளைகளில் தானே வெளியேறும். ஆனால் துத்தநாகம் பூசிய திருகுகளும் வளையங்களும் இரைப்பையின் அமிலத்தில் கரைந்து, இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும். ஈறு வெளுத்து, சிறுநீர் செந்நிறமாகும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும், பழைய மின்கலத்தின் ஈயத் தகடும் விஷமாவன.

சிறு மின்கலம்: கைக்கடிகாரத்திலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கும் பொத்தான் போன்ற மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், ஒரு மணி நேரத்திற்குள்ளேயே அவ்விடத்தைப் பொசுக்கிவிடக் கூடும். இதற்குக் காத்திருக்கும் காலம் என்பதே இல்லை.

எலி மருந்தும் மாத்திரையும்: ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரையைத் தின்ற நாய்க்கு உணவு கொடுக்கலாகாது, உணவால் இரைப்பையில் அமிலம் சுரந்து நச்சுவாயு மிகும். அது எடுக்கும் வாந்தியிலிருந்தும் அவ்வாயு வருமாதலால், மூடிய அறையில் அருகிலிருப்பது மனிதருக்கும் தீது. வேறு சில எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றின் குறிகள் சில நாள் சென்றே தோன்றும். மனிதர் உபயோகிக்கும் வலி மாத்திரைகளும் நாய்க்கு விஷமாகலாம். மருந்தின் உறையை அவசியம் உடன் கொண்டு செல்க.

காத்திருக்கும் காலம்

வழவழப்பான, சிறிய, விஷமற்ற பொருளென்று உறுதியாய்த் தெரிந்து, வைத்தியரும் காத்திருக்கச் சொன்னால், நாயை அவிழ்த்துவிடாமல் கட்டி வைத்தல் வேண்டும். வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகவும், தண்ணீரை வேண்டிய மட்டும் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தல் வேண்டும். இத்தகைய பொருள் பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களுக்குள் வெளிவரும். கட்டி வைக்காமல் விட்டால் பொருள் வெளிவந்ததா என்பது ஒருபொழுதும் தெரியாது.

இக்காலத்தில் கீழ்க்கண்ட குறிகளுள் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றிச் செல்ல வேண்டும்: திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீரும் தங்காமை, உணவை முற்றும் வெறுத்தல், வயிற்றைத் தொட்டால் முனகுதல் அல்லது முன்கால்களை நீட்டித் தாழ்ந்து பின்பக்கத்தை உயர்த்தி நிற்றல், மலம் போகாமை, கருத்த அல்லது இரத்தம் கலந்த மலம், சோர்ந்து படுத்தல்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

எக்ஸ்-ரே படத்தில் உலோகமும் கல்லும் எலும்பும் நன்றாய்த் தெரியும். மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை, துணி, பிளாஸ்டிக் ஆகியவை பெரும்பாலும் தெளிவாய்த் தெரிவதில்லை. ஆகவே எஜமானர் சொல்லும் செய்தியே வைத்தியருக்கு வழிகாட்டி. விழுங்கிய பொருளைப்போன்ற மற்றொன்றையோ, கடித்து மிஞ்சிய துண்டையோ எடுத்துச் செல்வது மிகவும் உதவும். நேரம், நாயின் வயது, கடைசியாக உண்ட வேளை, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுக்க நேரலாமாதலால் வழியில் உணவு கொடுக்கலாகாது.

இரைப்பையிலுள்ள பொருளைச் சில பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்நோக்குக் குழாயால் அறுவையின்றி எடுக்கிறார்கள். இயலாவிட்டால் இரைப்பையைத் திறந்து எடுப்பர். குடலைத் திறப்பது அதனினும் கடினம். அழுகிய குடலை வெட்டி இணைப்பது மிகக் கடினம். ஒவ்வொரு நாள் தாமதமும் எளிய வேலையைக் கடிய வேலையாக்குகிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் நிறுவப்பட்ட மிருக வைத்தியக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் இத்தகைய சிகிச்சை நடைபெறுகிறது. கிராமத்தார் முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் செல்லலாம். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

நாய்க்குச் சொன்ன இம்முறைகளை மாட்டுக்குப் பொருத்தலாகாது. மாடு நாயைப்போல் வாந்தி எடுப்பதில்லை. அது விழுங்கிய கம்பியும் ஆணியும் இரண்டாம் இரைப்பையில் தங்கி, முன்புறத்திலுள்ள இருதயத்தைத் துளைக்கக் கூடும். அதற்குச் சிகிச்சை வேறு.

வருமுன் காத்தல்

ஊசி, நூல், மின்கலம், மாத்திரை ஆகியவற்றை மூடியுள்ள பெட்டியில் வைப்பதும், எலி மருந்தை நாய் எட்டாத பொந்தினுள் வைப்பதும், மாங்கொட்டையையும் சோளக்கட்டையையும் உடனுக்குடன் எருக்குழியில் மூடுவதும் செலவில்லாத காரியங்கள். நாய்க்குட்டி பல் முளைக்கும் பருவத்தில் எதையும் கடிக்கும். அப்பருவத்தில் அதைத் தனியே வீட்டினுள் விடலாகாது. வாயிலுள்ளதைப் பிடுங்க ஓடுவதைவிட, வேறோர் இரையைக் காட்டி அதைக் கீழே போடப் பழக்குவதே மேல்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. கல்யாணப் பந்தல், திருவிழா, இறைச்சிக் கடை ஆகியவற்றின் கழிவு தெருவோரத்தில் கொட்டப்படுமிடத்தில் நாய்கள் பிளாஸ்டிக்கையும் எலும்பையும் தின்று பெருகுகின்றன. ஒருமுறை உபயோகித்து எறியும் பல பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடுக்கப்பட்டிருக்கின்றன. அத்தடை கிராமத்திலும் நடைபெறும்படி பார்த்தல் அவர் கடமை. ஊரிலுள்ள நாய்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தால், எலும்பு சிக்கிய நாய்க்கு உதவுவோர் அச்சமின்றி உதவலாம்.

சுருக்கமாக நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பொருளையும் நேரத்தையும் குறித்துக் கொள்க.
2. தின்றதைக் காணாவிட்டால் வெறிநோயை ஐயுறுக. வாயில் கை விடற்க.
3. மூச்சு அடைத்தாலன்றித் தாமே எதையும் எடுக்க முயலற்க.
4. உப்பு, புளி, விளக்கெண்ணெய் எதையும் புகட்டற்க.
5. தொங்கும் நூலை இழுக்கற்க.
6. கூரான பொருள், மின்கலம், விஷம், முழு மாங்கொட்டை எனின் அப்பொழுதே புறப்படுக.
7. அதே வகைப் பொருளொன்றை உடன் கொண்டு செல்க.

இவ்வேழையும் வீட்டிலுள்ள யாவருக்கும், முக்கியமாக நாயுடன் விளையாடும் சிறுவர்களுக்கும் சொல்லி வைத்தல் நன்று. நாய் எதையேனும் விழுங்குவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவர்களே. அடிக்குப் பயந்து அவர்கள் மறைத்தால், வைத்தியருக்கு வேண்டிய செய்தி கிடைக்காமற் போகும்.